தடிக் குழாயை நம்பி

கொல்லிமலை இறக்கத்தில் மாட்டுவண்டி ஓடிவிடாமலிருக்கப் பின்னால் ஒரு மரத்தைக் கட்டி இழுத்து வருவோம். பிரேக் சரியாகப் பிடிக்காத என் பழைய ஜீப்புக்கும் அதையே செய்ய நினைத்தேன். மரத்தைக் கட்டப் பின்பக்கம் ஒரு பம்பர் வேண்டுமே! மச்சானோடு சேலத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன்.

ஒல்லியான, ஆனால் நல்ல கனமான எஃகுக் குழாய் ஒன்று கிடந்தது. மச்சான் அதை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் கிடந்த பருத்த குழாயைக் காட்டினார்.

“தடியா இருக்குதே, இதை எடுங்க மாப்ளை. மரத்தையே இழுக்கோணுமுங்களே!”

எனக்கும் அது சரியென்றே பட்டது. அதையே வாங்கி ஜீப்பின் பின்பக்கம் பம்பராகப் பற்றவைத்தோம்.

அடுத்த சந்தைக்கு மலைமேலுள்ள சோளக்காடு ஊரிலிருந்து, பம்பரில் மரத்தைக் கட்டிக்கொண்டு மிளகு மூட்டைகளோடு இறங்கினோம். மச்சான் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். செங்குத்தான ஒரு வளைவில் பம்பர் படீரென்று பிய்ந்தது. ஜீப் பாய்ந்தது. பாதையோர மலைச்சுவரில் மோதி நிறுத்தினேன். மோதிய வேகத்தில் மச்சான் பாதையில் விழுந்தார். கழன்ற மரம் மேலிருந்து உருண்டு வந்து அவர் நெஞ்சில் ஏறியது.

“மாப்ளை, மரத்தை எடுங்க…”

எடுத்தபோது மூச்சில்லை.

கிழிந்த குழாயின் சுவர் வெறும் தகரக் கனம்தான் இருந்தது.

இப்போது பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டியை இறக்குவதில்லை. எந்தக் குழாயானாலும் முனையை அறுத்துக் கனம் பார்த்தே வாங்குகிறேன். கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். அந்த மரத்தைத் தூக்கியவன் நான்.