பாய்லர் அக்கா கொடுத்த விளக்கம்

எங்கள் தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் பாய்லர் அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வாயிலிருந்து தொடங்குவதுதான் முறை. கடைக்காவது ஞாயிறு மதியம் விடுமுறை உண்டு, வாய்க்கு அதுவும் கிடையாது. என் தையல் கடைக்கும் அவள் கடைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அவள் வாங்குவாங்கென்று வாங்குகிற ஆட்களுக்கெல்லாம் நானே சாட்சி. பாதி நேரம் அந்த ஆளும் நானே.

அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அக்கா பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை. கடைக்கு வருகிற காகிதங்களையெல்லாம் எடுத்து வைப்பாள், அவர் வந்து படித்துச் சொல்வார். ஒரு தடவை, தண்ணீர்க் குழாயை வெட்டிப் பழுது பார்க்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. அது படிக்க ஆளில்லாமல் கிடந்தது. இரண்டு நாள் கடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அன்றைக்கு வந்தது ரோஷம். நாற்பத்திரண்டு வயதில், எதிர்ச்சாரியில் நிற்கும் பஸ்களின் பலகைகளைப் பார்த்தே எழுத்துக்கூட்டப் பழகிவிட்டாள். சந்தேகம் வந்தால் டீ குடிக்க வரும் கண்டக்டரிடம் கேட்பாள். என்னிடம் கேட்கமாட்டாள், நான் கிண்டல் செய்வேனாம். செய்வேன்தான், மறுக்கவில்லை.

போன மாதம் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அக்கா அதை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உதட்டை அசைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. பிறகு நேராக என் கடைக்கு வந்தாள். முகத்தில் பெருமையும் பயமும் சரிபாதியாக இருந்தன.

“டெய்லரே, பாய்லரை ஏழு நாளுக்குள்ள விளக்கணுமாம். இல்லேன்னா லைசென்ஸ் ரத்தாம். நானே படிச்சேன்.”

கொடு, பார்க்கிறேன் என்று கை நீட்டினேன். அவ்வளவு நம்பிக்கை இல்லையா என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்கும் பெரிதாகச் சந்தேகம் வரவில்லை. அந்தச் செம்பு பாய்லர் இருந்த லட்சணத்துக்கு, அரசாங்கமே கடிதம் போட்டுத் தேய்க்கச் சொன்னாலும் நியாயம்தான். கருப்பு ஏறி ஏறி, அது செம்பா இரும்பா என்று யாருக்கும் நினைவில்லை. சந்துபொந்தெல்லாம் பச்சைக் களிம்பு வேறு.

ஞாயிறு மதியம் கடையை மூடி, பாய்லரை ஆறவிட்டு, வாசலில் இறக்கி வைத்தோம். தெருவில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே நாளில் செம்பு நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். முடிதிருத்துகிறவர் எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தார். கண்டக்டர் வினிகரில் மைதாவும் உப்பும் குழைத்துப் பூசினார். பூசியதைக் கழுவாமல் கதை பேசிக்கொண்டிருந்துவிட்டு, கழுவியதையும் துடைக்காமல் விட்டார். சாயங்காலத்துக்குள் அவர் பங்கு மட்டும் திட்டுத்திட்டாகப் பச்சை பூத்துக் கிடந்தது. நான் கம்பி நாரை எடுத்துக்கொண்டு போனேன். கீறல் விழும் என்று அக்கா என் கையில் ஒரு அடி போட்டுப் பிடுங்கி எறிந்தாள். அவளே ஊறவைத்த புளியைக் கல்லுப்போடு பிசைந்து, தென்னை நாரில் எடுத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். கருப்பு கரைந்து ஒழுக ஒழுக அடியிலிருந்து ரோஜா நிறம் கிளம்பியது. உடனே தண்ணீர், உடனே காய்ந்த துணி. ஈரம் நின்றால் பட்ட பாடெல்லாம் வீண் என்று கண்டக்டரைப் பார்த்துச் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஏழாம் நாள் அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், கையில் கோப்பு. அக்கா புதுப் புடவையில் நின்றாள்.

“விளக்கம் எழுதி வெச்சிருக்கீங்களாம்மா?”

“எழுதறதா? விளக்கியே வெச்சிருக்கேன், பாருங்க சார்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அக்காவிடமிருந்து கடிதத்தை வாங்கிப் படித்தேன். ‘தங்கள் கடையின் செம்புக் கொதிகலனின் சோதனை எண் குறித்து ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறினால் உரிமம் ரத்து செய்யப்படும்.’ பதில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அக்காவுக்குத் தெரிந்த விளக்கம், பாத்திரம் விளக்குவது ஒன்றுதான். ஏழு நாளும் புளியோடு போய்விட்டது.

மெதுவாக அவளிடம் சொன்னேன். அந்த வாய் மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கிண்டல் வரவில்லை. அடித்துப் பிடுங்கியாவது அன்றைக்கே அந்தக் கடிதத்தைப் படித்திருக்கக் கூடாதா என்று என்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாய்லரைச் சுற்றி வந்தார். குழாய்க்குக் கீழே குனிந்தார். விரலால் தடவினார். அங்கே ஒரு வட்ட முத்திரையும் ஆறு இலக்கச் சோதனை எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. போன தடவை சோதனைக்கு வந்தபோது இந்த இடம் ஒரே கருப்பாக இருந்ததால்தான் கடிதமே போட வேண்டி வந்தது என்றார். எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு, லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் போனார்.

தெருவே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். விஷயத்தை அதற்குள் யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். அவர் சிரித்த சிரிப்பு தகரத் தடுப்பைத் தாண்டி என் தையல் மெஷின்வரை கேட்டது. இனிமேல் எந்தக் காகிதம் வந்தாலும் தொடாதே, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

“சிரிச்சு முடிச்சாச்சா?” என்றாள் அக்கா போனில். “அடுத்த கடுதாசியையும் நான்தான் பிரிப்பேன். தப்பாப் படிச்சா தப்பாவே செஞ்சிட்டுப் போறேன். படிக்காம மட்டும் உக்காந்திருக்க மாட்டேன்.”