தரகனுக்கு ஜாமீன், சாட்சிக்குப் பூட்டு

காப்பகத்துப் பெண்கள் அவளைச் சாவியக்கா என்பார்கள். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பதால், ஆளுக்கு முன்னால் சத்தம் வந்துவிடும். புருஷன் போன பிறகு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அப்புறம் இங்கே வார்டன். "அங்க நோயாளிங்க எழுந்தா சந்தோஷப்படுவாங்க. இங்க யாராவது எழுந்து நடந்தா நான் ஓடிப்போய்ப் பூட்டை இழுத்துப் பாக்கறேன்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

கொக்கு வந்ததிலிருந்து அந்தச் சிரிப்பு குறைந்துவிட்டது. அந்தப் பெண்ணின் நீளக் கழுத்துக்காகச் சாவியக்காவே வைத்த பெயர் அது. இறால் உரிக்கும் கொட்டகை ஒன்றில் கொக்கையும் இன்னும் சிலரையும் உள்ளே அடைத்து, வெளியே பூட்டுப் போட்டு வேலை வாங்கியிருக்கிறார்கள். போலீஸ் மீட்டது. கூட்டிக்கொண்டுபோய் விட்ட தரகன் பிடிபட்டான். சீக்கிரமே ஜாமீனில் வந்தும்விட்டான். கொக்கு சாட்சி. சாட்சி சொல்லி முடிக்கும்வரை காப்பகத்திலேயே இருக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவு. வாய்தாவுக்கு மேல் வாய்தா.

"அவனுக்கு ஜாமீன் குடுத்தாங்களே, எனக்கு யாருக்கா குடுப்பாங்க?"

"தப்பு பண்ணவங்களுக்குத்தான்டி ஜாமீன். நீதான் ஒண்ணும் பண்ணலையே."

கொக்கு சிரிக்கவில்லை. "ஆள் தர்றேன்னு முதலாளிகிட்ட கை நீட்டிப் பணம் வாங்கிட்டான். எனக்குப் பதிலா யாரையாவது கொண்டுபோய் விட்டாகணும். வீட்டுல தங்கச்சி இருக்கா."

சாவியக்கா ஆபீஸ் போனிலிருந்து கொக்கின் அம்மாவைக் கூப்பிட்டாள். அவன் வந்தால் கதவைக்கூடத் திறக்காதீங்க என்றாள்.

"அந்தத் தம்பி மேல ஏம்மா பழி போடறீங்க?" என்றாள் அம்மா. "தப்பு பண்ணியிருந்தா போலீஸ் வெளிய விட்டிருக்குமா? என் பொண்ணைத்தான் உள்ள வச்சிருக்கீங்க. என்ன பண்ணாளோ, பாவி."

இது ஜெயில் இல்லை என்று சாவியக்கா எடுத்துச் சொன்னாள். "அப்ப வீட்டுக்கு அனுப்புங்க" என்றாள் அம்மா.

மறுநாளே சாவியக்கா ஸ்டேஷனுக்குப் போனாள். எழுத்தர் நல்ல மனுஷர்தான், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "சின்னப் பொண்ணை இன்னும் யாரும் கூட்டிட்டுப் போகலையேம்மா. நடக்காததுக்கு எப்படி கேஸ் போடறது?"

"நடந்த பிறகு போட்டு என்ன சார் புண்ணியம்?"

அவர் அவளுக்கு ஒரு டீ வாங்கி வரச் சொன்னார்.

அடுத்த வாரம் அம்மாவே கூப்பிட்டாள். குரலில் தெம்பு. "தம்பி வந்தாரு. சின்னவளுக்கு நல்ல இடமா பார்த்திருக்காராம், காலையில கூட்டிட்டுப் போனாரு. அப்படியே வக்கீலைப் பிடிச்சுப் பெரியவளையும் வெளிய எடுத்துடறேன்னாரு. அவகிட்ட சொல்லிடுங்க, பயப்பட வேண்டாம்னு."

எந்த இடம் என்று கேட்டாள். அது தம்பிக்குத்தான் தெரியுமாம்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் கொக்கு. சொல்ல வேண்டியிருக்கவில்லை; முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அழுவாள் என்று நினைத்துச் சாவியக்கா கிட்டே போனாள்.

"இப்பவாவது கேஸ் போடுவாங்களாக்கா?"

"போடுவாங்க."

"அவனைப் பிடிச்சா தங்கச்சியையும் இங்கதான் கொண்டுவருவாங்க, இல்ல?"

சாவியக்கா ஆமாம் என்றாள்.