பெஞ்சுல தூங்கினவ

பேய் பிசாசுன்னு யாராச்சும் ஆரம்பிச்சா, எனக்கு வேலை கெடக்குன்னு எந்திரிச்சுப் போறவ நான். அதுக்கெல்லாம் நேரம் இருக்கிறவுக நம்பட்டும்னு விட்டுருவேன். இதையும் நீங்க நம்பணும்னு சொல்லல, நடந்ததச் சொல்றேன், அவ்வளவுதான்.

மதுரையில சி.டி. ஸ்கேன் வந்த புதுசு. அப்ப எம் மகனுக்குப் பதினஞ்சு வயசு. மூக்குல சதை வளந்து அடைச்சுக்கிச்சு, திடுதிப்புன்னு ரத்தமா ஊத்தும். எங்க வீட்டுக்காரர் மலைமேல ஏலத்தோட்டத்துல இருந்தாக. பகல்ல நான் போடியில ஏலக்காயத் தரம் பிரிச்சுப் பொறுக்குற வேலைக்குப் போவேன், ராத்திரி முழுக்க அவன் தலையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். உடம்பு ஓஞ்சு போச்சு.

அல்லிநகரத்துல ஒரு மூக்கு டாக்டர்ட்டக் கூட்டிப் போனேன். "சாதாரண சதையா, வேற மாதிரிக் கட்டியான்னு கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பாக்கணும்"னு சொல்லி அவன உள்ள கூட்டிட்டுப் போனாக. நான் வெளிய பெஞ்சுல உக்காந்தேன். புள்ளைக்கு என்னாகுமோன்னு அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன், ஆனாலும் அப்படியே தூங்கிட்டேன். நர்சம்மா வந்து தோளத் தட்டித்தான் எழுப்பினாக. கிள்ளவே இல்லையாம், முதல்ல மதுரைக்குப் போயி ஸ்கேன் எடுக்கணுமாம். திரும்பவும் பஸ்ஸு, திரும்பவும் காத்துக் கெடக்கணுமேன்னு அலுப்புல எனக்கு அழுகையே வந்துருச்சு.

மதுரையில ஊசியில ஒரு மருந்து ஏத்திப் படம் எடுத்தாக. சாதாரண சதைன்னா அது மருந்த இழுக்காதாம். இவனுக்குக் கட்டி முழுக்க வெள்ளையாப் பளிச்சுன்னு தெரிஞ்சிச்சு. "அம்புட்டும் ரத்தக் குழாய், கிள்ளியிருந்தா ரத்தத்த நிறுத்தியிருக்க முடியாது"ன்னாக. அங்கனயே ஆபரேஷன் பண்ணி, எம் புள்ள பொழச்சான்.

அல்லிநகரம் டாக்டருக்கு நன்றி சொல்ல அவனையும் கூட்டிக்கிட்டுப் போனேன். கையெடுத்துக் கும்பிட்டா, அவுக சிரிக்கிறாக.

"என்னை எதுக்கும்மா கும்பிடுறீங்க? நீங்கதானே அன்னைக்கு உள்ள வந்து என் கையைப் பிடிச்சு நிறுத்தினீங்க?"

நான் பெஞ்ச விட்டு எந்திரிக்கவே இல்லைன்னேன். மகன் என்னைய ஒரு மாதிரிப் பாத்தான். "ஏன் ஆத்தா பொய் சொல்ற? நீதான வந்த. எம் மூஞ்சியப் பாக்காமயே நின்னு அழுத."

அப்படி என்னதான் சொன்னேன்னு டாக்டர்ட்டக் கேட்டேன். அத ஏன் கேட்டோம்னு இன்னைக்கும் இருக்கு.

"'வேணாம் சாமி, ஏற்கெனவே ஒருத்தன இப்படித்தான் ரத்தத்துலயே பறிகுடுத்தேன்'னு அழுதீங்களேம்மா. அதைக் கேட்டுத்தான் ஸ்கேனுக்கே அனுப்பினேன். அந்தப் பையன் உங்களுக்கு மூத்தவனா?"

எனக்குப் பொறந்தது இவன் ஒருத்தன்தான். எம்புட்டு அசதின்னாலும் இப்பெல்லாம் பகல்ல நான் கண்ண மூடுறதில்ல.