ஏற்றத்தில் நின்ற பொக்லைன்

ஏரியின் முகத்துவாரத்தில், தோண்டிய மணலை அளந்துகொண்டிருந்தபோது பாஷாவின் தம்பி போன் செய்தார். "அண்ணன் போய்ட்டாரு சார். டீ குடிச்சிட்டு நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தவருதான்." நாற்பது வயதுகூட ஆகவில்லை. பொக்லைன் ஓட்டும் பாஷா என்றால் பழவேற்காட்டில் எல்லோருக்கும் தெரியும்.

முன்பு ஒருமுறை இதே முகத்துவாரத்தை மணல் அடைத்த வருடம் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். நான் பொறியாளர். வழி திறக்காவிட்டால் கடலில் பொரித்த இறால் குஞ்சு ஏரிக்குள் வராது. ஏரிக்கரை மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்துக்கு அந்தப் பருவம் இறால் இல்லை.

முதல் நாளே சண்டை. கடல் ஏறும்போது கடைசி மணல்மேட்டை உடைக்க வேண்டும் என்றார் அவர். வற்றும்போது உடைத்தால்தான் ஏரித் தண்ணீர் மணலை அரித்துக்கொண்டு போகும் என்றேன். நான் சொன்னதுதான் சரி. வழி ஆழமானது. அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "உன் அதிர்ஷ்டம் சார்" என்பார்.

மறுநாள் அகலப்படுத்தும் வேலை. அலைகள் மணலைத் திரும்பக் கொண்டுவந்து தள்ளின. கடல் ஏறத் தொடங்கியதும் பாஷா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. அதுங்க வர்ற நேரம்."

"நிறுத்தினா மூடிக்கும்யா."

சாவியை என் கையில் வைத்தார். "அப்ப நீயே ஓட்டு சார்."

எனக்கு ஓட்டத் தெரியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

கத்தினேன். அவர் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி, ஓடும் தண்ணீரில் ஒரு முறை முகந்து நீட்டினார். வெள்ளைத் தட்டில் கறுப்புப் புள்ளிகள், இரண்டிரண்டாக. கண்கள். உடல் கண்ணாடிபோல இருந்ததால் வேறெதுவும் தெரியவில்லை. "இத்த அள்ளி மணல்ல கொட்டவா?"



கடல் வற்றும்போது எல்லாம் திரும்ப வெளியே அடித்துப் போய்விடும் என்றேன். வற்றத் தொடங்கும்வரை காத்திருந்து நடுவில் முகந்தார், தட்டு காலி. ஓரத்தில் தரையை ஒட்டி முகந்தார், இருந்தன. ஏறும் தண்ணீரில் மிதந்து வருபவை, வற்றும்போது தரையில் ஒண்டிக்கொள்ளும். பாடத்தில் படித்ததுதான்; படம்கூட வரைந்திருக்கிறேன். பார்த்ததில்லை.

"வத்தத்துல நடுவுல தோண்டறேன். ஓரத்துல கை வெக்க மாட்டேன்" என்று ஏறி உட்கார்ந்தார். கடல் மறுபடி ஏறும்வரை சாப்பிடக்கூட இறங்கவில்லை. தினமும் அப்படித்தான். அப்படி வேலை செய்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வழி மூடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, முழங்கால் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி அவரைப் பார்த்துக் கூவினாள்: "உன் குஞ்சுங்கதான் பாய், பாரு எப்டி பெருத்துக்கிதுன்னு."

"என்துல்ல, சாருது. சாவி அவராண்டதான் இருந்துச்சி" என்றார் பாஷா.

இந்த முறை பொக்லைனில் வேறு ஓட்டுநர். போனை வைத்தபோது கடல் ஏறத் தொடங்கியிருந்தது. இன்ஜினை நிறுத்தச் சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டேன்.

"இன்னா சார், மெஷின் ரிப்பேரா?"

பாஷாவிடமிருந்து எனக்கு மிஞ்சிய பதில் ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"இல்லப்பா. அதுங்க வர்ற நேரம்."