பூமியை அழிக்க வந்தவனின் சிரிப்பு

ஒரு காலத்தில் டிவியில் பூமியை அழிக்க வந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த விண்வெளித் தொடர் ஒன்றில் வேற்றுக்கிரக ராஜா. முகமெல்லாம் வெள்ளிப் பெயின்ட், மார்பில் கவசம் என்ற பெயரில் ஒரு இட்லித் தட்டு. அந்த வேஷத்தைக் கலைத்துவிட்டு சிதம்பரம் வந்து ஜெராக்ஸ் கடை வைத்து, முதுகு வலி தாங்காமல் அதையும் மூடியாகிவிட்டது. ஊர் மட்டும் விடுவதாக இல்லை. கல்யாண வீடோ சாவு வீடோ, எவனாவது ஒருவன் வந்துவிடுவான். "சார், அந்தச் சிரிப்ப ஒருதரம் சிரிங்க சார்." நான் தொண்டையைத் தடவிக்கொண்டு, "தொண்ட கட்டிக்கிச்சுப்பா" என்று நழுவுவேன்.

தொண்டைக்கு ஒன்றுமில்லை. அந்தச் சிரிப்பு என்னுடையதே இல்லை. என் குரல் மிரட்டப் போதாது என்று யாரையோ வைத்து டப்பிங் செய்துவிட்டார்கள். முதல் வாரம் டிவியில் பார்த்தபோதுதான் எனக்கே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்துபோய்க் காபி போட்டாள். அதற்கப்புறம் இத்தனை வருஷமும் அவள், தன் கூடப்பிறந்த தம்பியிடம்கூட அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

போன மழைக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போனது. கடலூருக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, வீடு வந்து சேரும்போது நோயாளி யார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். கையும் காலும் மெல்லத் தேறின. வாய்தான் திறக்கவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், "பேச்சு உள்ளதான் இருக்கு சார். சொல்லியே ஆவணும்னு அவுங்களுக்குத் தோணணும்" என்றார்.

வீட்டில் பட அட்டையைக் காட்டி, "இது என்ன? பசு. சொல்லு, பசு" என்று தினமும் கத்தினேன். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் அட்டையைத் தூக்கி எறிந்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இனி அவள் குரலைக் கேட்கவே மாட்டேனோ என்று அன்றைக்குத்தான் பயந்தேன்.

மறுநாள் சேத்தியாத்தோப்பிலிருந்து என் மச்சான், அதாவது அவள் தம்பி வந்தான். உரக்கடைக்காரன், வாய் ஓயாதவன். வீடு கிடந்த கிடப்பைப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்த பவுடர் டப்பாவை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தான்.

"நேயர்களே! பூமிய அழிக்க வந்துட்டு, இப்ப சிதம்பரத்துல பால் பாக்கெட் வாங்கிட்டிருக்கிற ராஜா இதோ! சொல்லுங்க ராஜா, ஒங்க கிரகத்துலேருந்து இங்க வர எவ்ளோ நேரமாவும்?"

சும்மா இருடா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கட்டிலில் அவள் லேசாகத் தலையைத் திருப்பியிருந்தாள்.

"கடலூர் பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்தவிட கம்மிதான்" என்றேன்.

"பூமிய ஏன் அழிக்காம வுட்டீங்க?"

"எந்திரிச்சா இடுப்பு புடிச்சிக்கிது மச்சான்."

"ஒங்க ஆயுதம்லாம் எங்க?"

"ஒங்க அக்கா காயலான் கடையில போட்டுட்டா. இட்லித் தட்ட மட்டும் வெச்சிக்கிட்டா."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் கண் எங்களை விட்டு அகலவில்லை. மச்சானுக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"கடைசியா, நேயர்களுக்காக அந்தச் சிரிப்பு!"

"தொண்ட சரியில்லடா."

"அதெல்லாம் நடக்காது மாமா. அக்காவுக்காவ!"

அக்காவுக்காக என்றால் நான் என்ன செய்ய? மூச்சை இழுத்து, "ஹா... ஹா..." என்றேன். கிழட்டு ஆடு கத்தின மாதிரி இருந்தது. "இன்னும் பலமா மாமா!" என்றான் பாவி. மறுபடி முயன்றேன். இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் தளும்ப, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு இருமினேன். அவன் டப்பாவை நீட்டியபடியே, "இன்னும் ஒருதரம்! ஒரே ஒருதரம்!" என்றான்.

"வு... வுடுறா."

ரெண்டு பேரும் திரும்பினோம். அவள் இடது கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"அது... இவுரு இல்ல. டப்... பிங்."

மச்சான் வாயைப் பிளந்தான். "என்னாது, டப்பிங்கா? மாமா! எங்க மாமா சிரிப்புன்னு ஊரு பூரா பீத்தி வெச்சிருக்கேனே! என் மானத்த வாங்கிட்டீங்களே!"

அவன் மானம் எனக்கெதற்கு? டப்பாவைப் பிடுங்கி அவள் வாய்க்கு நேராக நீட்டினேன்.

"இன்னொருதரம் சொல்லும்மா. சத்தமா சொல்லு, தெருவுக்கே கேக்கட்டும்" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். பிறகு சொன்னாள்.