கொலைகாரன் கேக்கக் கூடாத கேள்வி

வில்லன் வேஷம்னா, மூஞ்சியில பூசுன சாயத்தைத் துடைச்சா வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுத்தான் நானும் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஊசி போடற நர்சம்மா, ஃபெயில் போடற வாத்தியார், ஃபியூஸைப் புடுங்க வர்ற லைன்மேன், உங்களுக்கெல்லாம் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். தினம் தங்கவயல்லேருந்து ரயிலேறி பெங்களூரு போய், ஒரு கன்னட க்ரைம் சீரியல்ல வரிசையா ஆளுங்களைக் கொன்னுட்டு, சாயங்கால ரயில்ல தங்கவயல் சாம்பியன் ரீஃப்ஸ் பக்கம் இருக்கற வீட்டுக்குத் திரும்பறவன் நான். அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. எதிர்வீட்டு யசோதாக்கா என்கூட பேசறதை நிறுத்தினாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. காரணம் ஒரே ஒரு கேள்வி.

வசனம் பொறந்த கதை

மொத நாள் ஷூட்டிங்ல எனக்கு ஒரு முழ நீளத்துக்கு மிரட்டல் வசனம் குடுத்தாங்க. என் கன்னடம் சந்தையில பேரம் பேசற கன்னடம். இலக்கணக் கன்னடம் நாக்குல நிக்கல. எதிர்ல ஒரு பாவப்பட்ட மனுஷனைக் காலையிலேருந்து நாற்காலியில கட்டிப் போட்டிருந்தாங்க. நான் தப்புத் தப்பா சொல்லச் சொல்ல, அவரு கட்டுலேயே கெடக்கணும். பாக்கவே சங்கடமா இருந்துச்சு. கேமரா ஓடறதைக் கவனிக்காம, குனிஞ்சு "ஊட்டா ஆய்த்தா?"ன்னு கேட்டுட்டேன். சாப்பாடு ஆச்சான்னு அர்த்தம். எங்க பக்கத்துல ஒருத்தரை ஒருத்தர் பாத்தா வணக்கத்துக்கு முன்னால அதைத்தான் கேப்போம்.

டைரக்டர் எழுந்தே நின்னுட்டாரு. சரி, நம்ம சீட்டு கிழிஞ்சுதுன்னு நெனச்சேன். அவரு வசனப் பேப்பரை என் கையிலேருந்து வாங்கி மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு, இனிமே ஒவ்வொரு கொலைக்கும் முன்னால இதைத்தான் கேக்கணும்னாரு. ஏன் சார்னேன். "நெஜமான அக்கறையோட கேக்கறீங்க பாருங்க, அதுதான் சார் வயித்தைக் கலக்குது."

டிபன் பாக்ஸ்

சீரியல் ஓட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். காலை ரயில்ல எப்பவும் எதிர் சீட்ல உக்கார்ற அம்மா, பெங்களூருல துணிக் கம்பெனியில தையல் வேலை. அன்னிக்கு நிக்கக்கூட இடமில்லாத கூட்டம், அவங்க மடியில டிபன் பாக்ஸை வெச்சுக்கிட்டுத் தொறக்க முடியாம தவிச்சாங்க. நான் பழக்க தோஷத்துல, "இன்னாம்மா, இன்னும் சாப்டலியா?"ன்னேன்.

பெட்டி மொத்தமும் என் பக்கம் திரும்புச்சு. ஒரு ஆளு ஜன்னல் பக்கம் நகர்ந்தே உக்காந்துட்டாரு. அந்தம்மா மட்டும் அசரல, என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. "நான் அப்பால சாப்ட்டுக்கறேன் சார், வூட்ல எங்க மாமியார் இன்னும் சாப்டல, ஒரு தபா போய் அவங்களக் கேட்டுட்டு வாங்களேன்."

முதல் சீலம்

இது போகட்டும், சிரிச்சுட்டுப் போகலாம். விஹாரத்துல நடந்ததுதான் வெக்கக்கேடு. நாங்க பௌத்தக் குடும்பம். பௌர்ணமிக்கு விஹாரத்துல பஞ்சசீலம், அதாவது புத்தர் சொன்ன அஞ்சு உறுதிமொழி, சொல்றது என் பொறுப்பு. நான் ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்லும். எந்த உயிரையும் கொல்ல மாட்டேங்கறதுதான் முதல் சீலம். கண்ணை மூடிக் கைகூப்பிச் சொன்னேன். திருப்பிச் சொல்ல ஒரு வாய் தொறக்கல. பின்வரிசையில ஒரு பொண்ணு களுக்குன்னு சிரிச்சா. அவ்வளவுதான், கூடம் பூரா சிரிப்பு. புத்தர் எப்பவும் சிரிக்கறவரு, அவரை விடுங்க.

முடிஞ்சதும் விஹாரத்துச் செயலாளர் என்னை ஓரமா கூட்டிட்டுப் போனாரு. நல்ல மனுஷன், சொல்ல முடியாம காதைச் சொறிஞ்சாரு. "தம்பி, கோச்சுக்காத, ரெண்டாவதுலேருந்து நீ சொல்லு, மொத சீலத்துக்கு வேற ஆளு போட்டுக்கறோம்."

எதிர்வீட்டுக் கதவு

எங்கம்மா போனதுக்கப்புறம் எனக்குன்னு வீட்ல யாருமில்லை. சாயங்காலம் என் செருப்புச் சத்தம் கேட்டா யசோதாக்கா கதவைத் தொறந்து, "வந்துட்டியா, சாப்டியா?"ம்பாங்க. "நீங்க சாப்டீங்களாக்கா?"ம்பேன். எங்களுக்குள்ள பேச்சே அவ்வளவுதான், ஆனா அது இல்லேன்னா எனக்கு வீடு வந்த மாதிரி இருக்காது. அவங்க வீட்டுக்காரர் கோபால் மாமா, சுரங்கத்துல ஷிஃப்ட் பாத்து நுரையீரலைத் தொலைச்சவரு. கட்டில்ல படுத்தபடியே என் சீரியலை ஒண்ணு விடாம பாப்பாரு.

ஒரு வாரம் கதையில, புருஷனை இழந்து தனியா இருக்கற ஒரு அம்மாவை நான் கொல்லணும். கொன்னேன். மாமா ரசிச்சாராம், அக்கா பாதியிலேயே எழுந்து போயிட்டாங்களாம். எனக்கு அது தெரியாது. மறுநாள் கதவு தொறக்கல. நானே போய்த் தட்டி, "சாப்டீங்களாக்கா?"ன்னேன். அவங்க முகம் வெளுத்துப் போச்சு. "உன்னப் பாத்து எனக்கு இன்னாடா பயம், அந்தப் பேச்சுதான் பயமா கீது, இனிமே எங்கிட்ட அதக் கேக்காத." அதோட எங்க பேச்சும் நின்னு போச்சு.

கஞ்சி

போன மாசம் கோபால் மாமா போயிட்டாரு. அடக்கத்துல பஞ்சசீலம் சொன்னோம். முதல் சீலத்தை வேற ஆளுதான் சொன்னாரு. அக்கா பச்சைத் தண்ணிகூட வாயில வைக்கல. சொந்தக்காரங்க கெஞ்சினாங்க, அதட்டினாங்க, மறுநாள் ஒவ்வொருத்தரா கெளம்பியும் போயிட்டாங்க. அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. அக்கா பயந்தது கொலைகாரனுக்கு இல்லை. அந்த சீரியல் அம்மா மாதிரி தானும் ஒரு நாள் தனியா உக்காந்திருப்போம்னு பயந்திருக்காங்க.

கஞ்சி காய்ச்சி, ஊறுகாயோட எடுத்துட்டுப் போனேன். அவங்க முன்னால வெச்சுட்டு, சுவரோரம் உக்காந்தேன். கேக்கலாமா? கேக்கக் கூடாதுன்னு அவங்களே சொன்னதாச்சே. கஞ்சி ஆறிக்கிட்டே இருந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு அக்கா தலையைத் தூக்கினாங்க. "இன்னாடா, ஊரெல்லாம் கேக்கற, எங்கிட்ட கேக்க மாட்டியா?"ன்னாங்க. "சாப்டீங்களாக்கா?"ன்னு கேட்டுட்டேன். தட்டைக் கிட்ட இழுத்துக்கிட்டாங்க. "இல்லடா, பசிக்குது, நீயும் ஒரு தட்டு எடுத்துனு வா."

இத்தனை எபிசோடா நான் கேட்டுக்கிட்டு இருக்கற கேள்விதான், ஆனா கேட்ட பிறகு ஒருத்தர் நிம்மதியா உக்காந்து சாப்பிட்டது இதுதான் முதல் தடவை.