தொலையாத புத்தகம்

தேவானை எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தபோது அவளுடைய அம்மா முனியம்மாள் அந்த மதிப்பெண் புத்தகத்தைத் தொட மறுத்துவிட்டாள். "மீன் கை. நாத்தம் ஒட்டிக்கும். நீயே வச்சிக்க" என்றாள். பட்டினப்பாக்கம் குப்பத்திலிருந்து மந்தைவெளி வரை தலையில் கூடை சுமந்து மீன் விற்பவள் அவள். கணவன் வேறொரு குடும்பத்தோடு காசிமேட்டுக்குப் போய் வெகுநாளாகியிருந்தது.

அது 1969. அடையாறில் டாக்டர் ஜவஹர் என்பவர் நடத்திவந்த நர்சிங் ஹோமில் பெண்களுக்கு நர்ஸ் பயிற்சி தருகிறார்கள் என்று செய்தி கொண்டுவந்தவன் முனியம்மாளின் தம்பி தணிகாசலம். மயிலாப்பூரில் ஒரு வங்கியில் பியூன். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கியவன் அவன் ஒருவன்தான். காக்கி உடுப்பை வீட்டிலும் கழற்ற மாட்டான்.

நர்சிங் ஹோமில் முத்திரைத்தாள் தயாராக இருந்தது. இரண்டு வருடம் பயிற்சி, அதன்பின் மூன்று வருடம் கட்டாய வேலை. நடுவில் விலகினால் மூவாயிரம் ரூபாய் நஷ்டஈடு. தேவானை கையெழுத்திட்டாள். நிரந்தர வேலையில் உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்கள். தணிகாசலம் பேனாவை வாங்கி, தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"பத்திரமா இருக்கும்மா. அஞ்சு வருஷம் கழிச்சு வாங்கிக்கோ" என்றார் டாக்டர் ஜவஹர். அன்பாகத்தான் சொன்னார்.

பயிற்சி என்று அவள் கண்டதெல்லாம் பெட்பேன் கழுவுவதும், தரை துடைப்பதும், ராத்திரி டியூட்டியில் டாக்டர் வீட்டுக் குழந்தைக்குப் பால் ஆற்றித் தருவதும்தான். பாடம் எடுக்க ஒருவரும் வந்ததில்லை. ஊசி போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்து அவளே பழகிக்கொண்டாள். இரண்டு வருடம் முடிந்ததும் தங்க நிற எழுத்தில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். குப்பத்துக்கு எடுத்துவந்து சட்டம் போட்டு மாட்டினாள்.

அந்தச் சான்றிதழின் மதிப்பு அவளுக்கு சகினா மூலமாகத் தெரியவந்தது. சகினா அவளோடு சேர்ந்து பயிற்சி பெற்றவள், ராயப்பேட்டைக்காரி. யாருக்கும் சொல்லாமல் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கேட்டுப் போயிருந்தாள்.

"நர்சிங் கவுன்சில்ல பதிவில்லாத சர்டிபிகேட்டாம். இத வச்சிக்கினு ஆயா வேலைக்குக்கூட உரிமையா நிக்க முடியாதுன்னாங்க. நம்மள நல்லா ஏமாத்திட்டாங்க, தேவானை."

சகினா அதைச் சொல்லி அழுதாள், மறுநாள் வழக்கம்போல டியூட்டிக்கு வந்தாள். தேவானையால் முடியவில்லை. அந்த வருடமே அரசாங்கத்தின் துணை செவிலியர் பயிற்சிக்கு மனு போட்டாள். இடம் கிடைத்தது. ராஜினாமா எழுதிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"பாண்டு பத்திரம் இருக்கே?"

"சார், நீங்க சொல்லிக் குடுக்கிறேன்னு சொன்னத சொல்லிக் குடுக்கல."

டாக்டர் ஜவஹர் தாளைப் படிக்காமலே மேசை ஓரத்துக்குத் தள்ளினார். "உன்னை விடுவிக்கிறதா இல்லை. போறதுன்னா போ. உன் புக்கு இங்கதான் இருக்கும். பணத்துக்குக் கோர்ட்டுல பாத்துக்கலாம்."

மயிலாப்பூர் லஸ்ஸில் ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் சகினாவின் உறவினர் பீர் முஹம்மது வக்கீல் தொழில் செய்துவந்தார். பத்திரத்தின் நகலை இருமுறை படித்தார்.

"திரும்பி வந்து வேலை செய்னு எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாதும்மா. எழுதின தொகையை அப்படியே வாங்கிடவும் முடியாது. உனக்குப் பயிற்சி குடுக்க அவங்களுக்கு நிஜமா என்ன செலவாச்சு, நீ போனதுல என்ன நஷ்டம்னு காட்டணும். காட்ட அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

"புக்கு, சார்?"

"அதைப் பிடிச்சு வைக்க அவங்களுக்கு உரிமை கிடையாது. முதல்ல கேட்டு நோட்டீஸ் அனுப்புறேன், அப்புறம் மனு போட்டு வாங்கலாம். மாசக்கணக்குல ஆகும்."

பயிற்சிப் பள்ளியிலோ அசல் புத்தகத்தைச் சீக்கிரம் கொண்டுவராவிட்டால் இடம் ரத்து என்று சொல்லியிருந்தார்கள். தேவானை நேராக மாமா வீட்டுக்குப் போனாள். தணிகாசலம் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"தொலஞ்சி போச்சுன்னு எயுதிக் குடு. டூப்ளிகேட் வந்துடும். ஸ்டேசன்ல நமக்குத் தெரிஞ்ச ஏட்டு கீறாரு."

"பொய்யில்ல, மாமா?"

"உன் புக்கு உன் கைல கீதா? இல்ல. அப்ப தொலஞ்சா மாதிரிதான். வா."

அவனே முன்னால் நடந்தான். பஸ்ஸில் வரும்போது தவறிவிட்டது என்று அவனே வாசகம் சொன்னான். ஏட்டிடம் சிரித்துப் பேசியதும் அவன், நோட்டரியிடம் அழைத்துப்போனதும் அவன். தேவானை கையெழுத்து மட்டும் போட்டாள். இதை வக்கீலிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அவனும் சொல்லச் சொல்லவில்லை.

நகல் புத்தகம் வந்தது. பள்ளியில் சேர்ந்தாள். அங்கே பாடம் நடந்தது. எலும்புகளின் பெயர் கற்றாள், பிரசவம் பார்க்கக் கற்றாள். தங்க எழுத்துச் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றி, மீன் கூடைக்கு மூடியாக வைத்துக்கொள்ளும்படி அம்மாவிடம் கொடுத்தாள். முனியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீட்டில் நல்ல காலம் என்று ஒன்று இருந்தது என்றால் அது அந்த ஒன்றரை வருடம்தான்.

அதற்குள் வழக்கு வந்துவிட்டது. முதல் பிரதிவாதி தேவானை, இரண்டாம் பிரதிவாதி ஜாமீன் நின்ற தணிகாசலம். சம்மன் அவனுடைய வங்கிக்கே போனது. மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். அன்று சாயங்காலம் தணிகாசலம் குப்பத்துக்கு வந்து வாசலில் நின்றபடியே கத்தினான். "என் சம்பளத்துல கை வப்பானுங்களாம்! உன்னால நான் அந்த ஆபீசுல தல நிமுந்து நிக்க முடியல!"

"எதுவானாலும் உள்ள வந்து பேசு" என்றாள் முனியம்மாள். அவன் வரவில்லை.

சிட்டி சிவில் கோர்ட்டில் தேவானை கூண்டில் ஏறியது 1974-இல். பயிற்சியே தரவில்லை என்பதைத் தெளிவாகச் சொன்னாள். பீர் முஹம்மது திருப்தியாக உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டார்.

"இப்ப அரசாங்கப் பள்ளியில படிக்கிறீங்க. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் காட்டித்தானே சேர்ந்தீங்க?"

"ஆமா."

"எந்தப் புத்தகம்?" வழக்குக் காகிதக் கட்டிலிருந்து அசலை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இது எங்க கட்சிக்காரர்கிட்ட இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். கேட்டு நோட்டீசும் அனுப்பியிருக்கீங்க. அப்புறம் தொலைஞ்சதுன்னு சத்தியம் பண்ணினது யாரு?"

பீர் முஹம்மது அவளைத் திரும்பிப் பார்த்தார். தேவானை மரப்பிடியைப் பற்றிக்கொண்டு, "மாமாதான் அப்படி எழுதச் சொன்னாரு" என்றாள்.

அடுத்து தணிகாசலத்தை ஏற்றினார்கள். காக்கி உடுப்பில் வந்திருந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, ஐயா. அது படிச்ச பொண்ணு. அதுவா போயி இன்னான்னா எயுதிக் குடுத்துச்சோ."

நீதிபதி எழுதிக்கொண்டார். முனியம்மாள் பின் பெஞ்சில் உட்கார்ந்து, தம்பி கூண்டிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அக்காவின் பக்கம் பார்க்காமல் வெளியேறினான்.

வாக்குமூலத்தின் நகலை நர்சிங் ஹோம்காரர்கள் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பொய்ப் பிரமாணம் செய்து சேர்ந்ததாகக் காரணம் காட்டிப் பள்ளி தேவானையை நீக்கியது. இறுதித் தேர்வு நெருங்கியிருந்தது. மேட்ரன் அம்மாள் நல்லவர். "என் கையில எதுவும் இல்லம்மா" என்று சொல்லி, சீருடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

தீர்ப்பு மறு வருடம் வந்தது. பயிற்சி தந்ததற்கோ செலவு செய்ததற்கோ வாதி ஆதாரம் காட்டவில்லை, நஷ்டம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை, வழக்கு தள்ளுபடி, அசல் புத்தகத்தை உடனே திருப்பித் தர வேண்டும். பீர் முஹம்மது கோர்ட் வராந்தாவில் அதைப் படித்துக் காட்டிவிட்டு, "ஜெயிச்சுட்டோம்" என்றார். அப்புறம் அவருக்கே சங்கடமாகி, "எங்கிட்ட அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஃபீஸ் மீதியைக் கேட்கவில்லை.

நர்சிங் ஹோம் மூடப்படவில்லை. மாடி கட்டினார்கள். பத்திரத்தின் வாசகத்தை வேறொரு வக்கீலை வைத்து இறுக்கமாகத் திருத்தி எழுதி, புதிய பெண்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். சகினா அங்கேயே ஐந்து வருடத்தையும் முடித்துவிட்டு வெளியே வந்தாள். அவளுக்கும் நல்ல வேலை கிடைக்கவில்லை.

நீக்கப்பட்டவர்களைப் பள்ளி மறுபடி சேர்க்காது. தேவானை மந்தைவெளியில் பக்கவாதம் வந்த ஒரு அம்மாளைப் பார்த்துக்கொள்ளப் போனாள். அந்த வீட்டுக்காரர்கள் வந்தவர்களிடமெல்லாம் "எங்காத்துக்கு நர்ஸ் வந்திருக்கா" என்று பெருமையாகச் சொன்னபோது, "ஆயான்னே சொல்லுங்கம்மா" என்று திருத்தினாள். அவர்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தணிகாசலத்துக்கு வங்கியில் ஒரு படி உயர்வு வந்தது. அந்தச் சாக்கில் இனிப்புப் பொட்டலத்தோடு அக்கா வீட்டுக்கு வந்தான். தேவானை அவன் கண்ணெதிரிலேயே எழுந்து தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். அவன் போன பிறகுதான் திரும்பினாள்.

"இன்னா பாப்பா இது? பெத்த தாய்க்குக் கூடப்பொறந்தவன். அன்னிக்கு அவன் இன்னா பண்ணுவான்? உண்மயச் சொல்லியிருந்தான்னா அவன் வேல போயிருக்கும்."

தேவானை குடத்தை இறக்கி வைத்தாள்.

"எனக்கும் வேலதாம்மா போச்சு."

முனியம்மாள் இனிப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.